அடிக்கல்லுக்கு முன் ஒரு காப்பாட்சியர்

1931-ஆம் ஆண்டில் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் தன்னிடமிருந்த இசைக்கருவிகளுக்கென ஒரு பட்டியல் நூலை வெளியிட்டது. தொகுத்தவர் பி. சாம்பமூர்த்தி. அப்போது அவருக்கு வயது முப்பது. தென்னிந்திய இசைக்கு அகராதி தொகுத்தவராகவும் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையை வளர்த்தவராகவும் பின்னாளில் பெயர் பெற்ற அவர், 1950-களில் இன்னும் ஒரு படி மேலே போனார். அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் கீழ் ‘சங்கீத வாத்யாலயா’வை அமைத்து, கருவிகளைச் சேகரிப்பது, ஆராய்வது, காட்சிக்கு வைப்பது என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். 1973-ல் அவர் மறைந்தார். டிசம்பரில் மயிலாப்பூர் சபாக்களின் வாசலில் வரிசையில் நிற்கும் ரசிகர்களிடம் வாத்யாலயாவைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலோர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

சென்னைக்கு ஓர் இசை அருங்காட்சியகம் வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு சீசனிலும் தலைதூக்குகிறது. 2017-ல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் வலையமைப்பில் இசைக்கான நகரமாகச் சென்னையைச் சேர்த்தபோது அந்தப் பேச்சு வலுத்தது. மியூசிக் அகாதமிக்கு 2028-ல் நூறு ஆண்டு நிறைகிறது என்பதால் இன்னும் வலுக்கும். நல்ல ஆசைதான். ஆனால் இந்த ஆசை பழையது. பலமுறை செயலுக்கும் வந்திருக்கிறது. ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கம் பழந்தமிழ் இசைக்கருவிகளுக்கு ஒரு காட்சிக்கூடம் வைத்திருக்கிறது. 1980-ல் தொடங்கிய ‘சம்பிரதாயா’ தென்னிந்திய இசை மரபுகளின் ஒலிப்பதிவுகளையும் மூத்த கலைஞர்களின் நேர்காணல்களையும் திரட்டியது. அது பின்னர் கலாக்ஷேத்திராவோடு சேர்ந்தது. மியூசிக் அகாதமியில் டாக் நிறுவனத்தின் ஆதரவோடு ஒரு மின்னணுக் கேட்பகம் இருக்கிறது. தொடுதிரையில் தேடி, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பழைய கச்சேரிகளை அங்கேயே உட்கார்ந்து கேட்கலாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் காத்துவருகிறது. ஆழ்வார்பேட்டையில் வி.ஏ.கே. ரங்காராவ் தனி மனிதராகவே பல்லாயிரம் கிராமபோன் தட்டுகளைத் திரட்டினார்.

இத்தனை இருந்தும், வெளியூரிலிருந்து வரும் ஒரு பள்ளி மாணவியைக் கூட்டிக்கொண்டுபோய், “இந்த ஊரின் இசை இதுதான், பார், கேள்” என்று காட்ட ஓர் இடமில்லை. பொருள் இருக்கிறது, பணமுள்ளவர்கள் இருக்கிறார்கள், அறிஞர்களுக்கும் குறைவில்லை. இல்லாதது ஒன்றுதான்: காலையில் பூட்டைத் திறந்து, மாலையில் பூட்டி, நடுவில் அந்தப் பொருள்களைத் தவிர வேறு எதைப் பற்றியும் கவலைப்படாத, சம்பளம் வாங்கும் ஒரு காப்பாட்சியர், அவருக்குப் பிறகும் அந்த நாற்காலி காலியாகாமல் இருக்க ஓர் ஏற்பாடு. அருங்காட்சியகத் திட்டம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கட்டடம் கடைசியில் வரட்டும்.

இதற்கு உலகில் ஒரு முன்மாதிரி உண்டு. அதன் வேர் இந்தியாவிலேயே இருக்கிறது. 1876-ல் வங்காளத்தின் ராஜா சௌரீந்திர மோகன் தாகூர் ஏறத்தாழ நூறு இந்திய இசைக்கருவிகளை பெல்ஜியம் மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்குப் பரிசாக அனுப்பினார். அந்தக் கருவிகளையும் இசை அறிஞர் ஃபெத்திஸ் விட்டுச்சென்ற தொகுப்பையும் வைத்து 1877-ல் பிரஸ்ஸல்ஸ் இசைக் கல்லூரியோடு இணைந்த ஓர் அருங்காட்சியகம் உருவானது. அரண்மனை எதுவும் எழுப்பவில்லை. முதலில் ஓர் ஆளை அமர்த்தினார்கள். விக்டர் மஹியோன் என்ற அவர் காற்றிசைக் கருவிகள் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாமே கருவி செய்யத் தெரிந்தவர். 1924-ல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். நூறு சில நூறுகளாகி, சில நூறு ஆயிரங்களானது. ஐந்து தொகுதிகளில் பட்டியல் வந்தது.

கருவிகளை எப்படி வகைப்படுத்துவது என்று மஹியோன் யோசித்தபோது அவருக்குக் கைகொடுத்தது நம் மரபின் நால்வகைப் பகுப்பு: நரம்பு, துளை, தோல், கஞ்சம். அதைத் தழுவி அவர் வகுத்த முறையை 1914-ல் ஹோர்ன்போஸ்டலும் சாக்ஸும் விரித்தெழுதினார்கள். இன்று உலகெங்கும் அருங்காட்சியகங்கள் கருவிகளை அடுக்கிவைப்பது அந்த முறையில்தான். அந்த பிரஸ்ஸல்ஸ் தொகுப்புக்கு இன்றைய புகழ்பெற்ற வீடு, ‘ஓல்ட் இங்கிலாந்து’ என்ற பழைய கடைக் கட்டடம், கிடைத்தது 2000-ஆம் ஆண்டில். காப்பாட்சியர் வந்து 123 ஆண்டுகள் கழித்து. இன்று அங்கே 8,000-க்கு மேற்பட்ட கருவிகள் இருக்கின்றன.

நம் ஊரிலும் இந்த வரிசை வேலை செய்ததற்குச் சான்று தரமணியிலேயே இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் 1992-ல் மறைந்த பிறகு, அவர் சேர்த்த நூல்களை வாங்கிய சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றைக் கப்பலேற்றவில்லை. 1994-ல் சென்னையிலேயே நூலகம் அமைத்து, உள்ளூர் ஆட்களுக்குப் பட்டியலிடவும் நுண்படம் எடுக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். வேலை தெரிந்த ஆட்கள் முதலில் உருவானதால், நூலகம் இடம் மாறிய பிறகும் வேலை நிற்கவில்லை.

பெங்களூருவில் ஜே.பி. நகரில் 2019-ல் திறந்த ‘இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ்’ அருங்காட்சியகத்தைப் பலரும் உதாரணம் காட்டுகிறார்கள். பிரிகேட் என்ற கட்டுமானக் குழுமத்தின் ஆதரவில் எழுந்தது என்பதால், அங்கே கட்டடத்துக்குப் பஞ்சமில்லை. கவனிக்க வேண்டியது வேறு. இலாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்று அதை நடத்துகிறது. கர்நாடக இசைப் பாடகரும் மேலாண்மை படித்தவருமான மானசி பிரசாத், கதவு திறப்பதற்கு வெகு முன்பிருந்தே அந்தத் திட்டத்தை வழிநடத்தினார். அங்குள்ள ஒலித்தோட்டத்தில் கல்லையும் மூங்கிலையும் உலோகத்தையும் குழந்தைகள் தட்டிப் பார்க்கலாம். அதைச் செய்துகொடுத்தது ஆரோவில்லின் ‘ஸ்வரம்’ குழு. தமிழ்நாட்டின் கைவேலை பெங்களூரில் ஒலிக்கிறது.

சரி, சென்னையில் ஒரு காப்பாட்சியர் அமர்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய முதல் வேலை எந்தக் கூடத்திலும் இல்லை. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வீடுகளின் பரண்களில் இருக்கிறது. 1950-களிலிருந்தே இந்தப் பகுதி ரசிகர்கள் கச்சேரிகளை ஸ்பூல் டேப்பில் பதிவுசெய்து வந்திருக்கிறார்கள். திருமண வரவேற்பில் பாடிய கச்சேரி, வீட்டுக் கூடத்தில் நடந்த பாட்டுப் பாடம், வானொலியிலிருந்து பிடித்தது என எத்தனையோ. அவற்றோடு பாட்டி கையால் ஸ்வரப்படுத்திய நோட்டுப் புத்தகங்கள், சபா அழைப்பிதழ்கள், கச்சேரிச் சன்மானக் கடிதங்கள், மூலையில் சாய்த்த தம்பூரா. பதிவுசெய்தவர்கள் மறைந்துவருகிறார்கள். வீடுகள் அடுக்ககங்களாக மாறும்போது பரண் காலியாக்கப்படுகிறது. பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்கிறார்கள். டேப்பை ஓட்டும் கருவியே வீட்டில் இல்லை.

சென்னையின் காற்று இந்தப் பொருள்களுக்குப் பகை. அசிட்டேட் டேப் ஈரத்திலும் வெப்பத்திலும் சிதையத் தொடங்கினால் காடி வாசனை வரும். அந்த வாசனை வந்த பிறகு சிதைவை நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். அரக்கால் செய்த 78 சுற்றுத் தட்டு கைதவறினால் சில்லாகிவிடும். வீணையின் மெட்டுகள் 24-ம் கருப்பு மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. மேளம் கட்டிய அந்த மெழுகு வெயிலில் இளகும். பகலில் ஏசி போட்டு இரவில் நிறுத்தும் காட்சிக்கூடம், ஏசியே இல்லாத கூடத்தைவிடப் பலா மரத்துக்குக் கெடுதல், ஏனென்றால் மரம் தினமும் சுருங்கி விரிகிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்துக்குள் புகுந்தது. 2023-ல் மிக்ஜாம் புயல் மறுபடியும் நகரை மூழ்கடித்தது. தரைத்தளத்தில் ஒரு பெட்டி டேப் வைத்திருந்த வீட்டுக்கு அதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. எனவே அடிக்கல் நாட்டுவதற்கு முன்னால் வாங்க வேண்டியவை: நல்ல நிலையில் இரண்டு மூன்று ஸ்பூல் பிளேயர்கள், அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர், மேல்தளத்தில் நாள் முழுவதும் ஒரே குளிரில் இருக்கும் ஓர் அறை, உலக ஒலிக் காப்பகங்கள் ஏற்றுக்கொண்ட 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் பிரதியெடுக்கும் சாதனம். ஒரு மாடி போதும்.

குடும்பங்கள் ஏன் தயங்குகின்றன என்பதையும் திட்டத்தை நடத்துபவர் உணர வேண்டும். “தாத்தாவின் டேப்பைக் கொடுத்தோம், திரும்பவே இல்லை” என்ற மனக்குறை இசைக் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும். வாய்ச்சொல்லில் வாங்குவதை முதல் நாளிலிருந்தே விட்டுவிட வேண்டும். தானமா, இரவலா, பிரதி மட்டுமா என்று பத்திரத்தில் எழுதி, எடுத்த பிரதி ஒன்றைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டால், அடுத்த பத்து வீடுகள் தாமாகவே கதவைத் திறக்கும்.

சட்டமும் இதில் பலர் நினைக்கும் அளவுக்கு முட்டுக்கட்டை இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம் 60 ஆண்டு. 1964-ல் வெளியான தட்டின் உரிமை 2024 முடிவோடு தீர்ந்தது. வீணை தனம்மாள் 1930-களில் கொடுத்த தட்டுகளை யார் வேண்டுமானாலும் கேட்கவைக்கலாம். ஆனால் பாட்டை இயற்றியவரின் உரிமை தனிக் கணக்கு: மயிலாப்பூரில் வாழ்ந்த பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தார், அவர் சாகித்யங்களின் உரிமை 2033 வரை இருக்கும். கச்சேரியில் பாடியவருக்கு 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமையும் உண்டு. அகாதமியின் கேட்பகம் எடுத்த வழி, அதாவது வந்து கேட்கலாம், எடுத்துப்போக முடியாது என்பது, இந்தச் சிக்கலுக்கு நடைமுறையில் ஒத்துவந்த தீர்வு. பழைய வீணையிலும் தம்பூராவிலும் தந்த வேலைப்பாடு இருந்தால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். நூறு வயது தாண்டிய கருவி அதே ஆண்டின் தொல்பொருள் சட்ட வரையறைக்குள் வரும். இவற்றைத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் அறங்காவலர் குழுவில் இருப்பது, ஒரு நட்சத்திரப் பாடகர் இருப்பதைவிடப் பயன் தரும்.

யாருடைய இசைக்கு இந்த அருங்காட்சியகம் என்ற கேள்வியில்தான் திட்டத்தின் நேர்மை சோதிக்கப்படும். மயிலாப்பூரில் நடக்கும் திட்டம், கர்நாடக இசை மும்மூர்த்திகள் படமும் சபா நாற்காலியுமாக முடிந்துவிடும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது.

மயிலாப்பூரின் இசை கபாலீசுவரர் கோயிலிலிருந்து தொடங்குகிறது. அந்தக் கோயிலின் தேவதாசி மயிலாப்பூர் கௌரி அம்மாள். அபிநயத்தில் அவரிடம் கற்றவர்களில் பாலசரஸ்வதியும் ருக்மிணி தேவியும் உண்டு. 1947-ல் தேவதாசி முறையைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. அந்த முறையின் கொடுமையை ஒழிக்க வந்த சட்டம், அந்தப் பெண்களின் கலையை மேடைக்கு எடுத்துச் சென்றவர்களுக்கு இருந்த மரியாதையை அவர்களுக்குத் தரவில்லை. 1971-ல் கௌரி அம்மாள் மறைந்தார். இந்த ஊரில் ஓர் இசை அருங்காட்சியகம் வருமானால் அதன் முதல் அறை அவரைப் பற்றி இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு நல்ல காரணம் உண்டு: கோயில், தெரு, வீடு, சபா, நவீன நாட்டியப் பள்ளி என்று இந்த நகரத்தின் இசை நடந்த பாதை முழுவதும் அந்த ஒரு வாழ்க்கையில் இருக்கிறது.

பங்குனிப் பெருவிழாவில் மாட வீதிகளைச் சுற்றும் நாகஸ்வரமும் தவிலும் சபாவுக்குள் வருவது தொடக்க நாள் மங்கள இசைக்கு மட்டும்தான் என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-லேயே கிடைத்துவிட்டது. குறியீடு வந்ததால் ஆச்சா மரமோ பலாவோ மலிவாகிவிடவில்லை. கடைசல் பட்டறையில் உட்காரும் இளைஞர்களும் பெருகிவிடவில்லை. சீவாளியைச் சீவி, கட்டி, பதப்படுத்தி, வாசிப்பவரின் உதட்டுக்கு ஏற்பத் திருத்தித் தருவது எந்த ஏட்டிலும் எழுதி முடிக்க முடியாத வித்தை. அதைப் படம்பிடிக்க வேண்டும், செய்பவர் குரலிலேயே பதிய வேண்டும், அவருக்கு அதற்குரிய ஊதியம் கொடுக்க வேண்டும். மிருதங்கத்துக்கும் இதுவே பொருந்தும். ஆட்டுத் தோல், மாட்டுத் தோல், எருமைத் தோல் மூன்றும் சேர்ந்துதான் அந்த நாதம். பாலக்காடு மணி அய்யருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்துவையும் அவரைப் போன்ற குடும்பங்களையும் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு நூல் எழுதிய பிறகுதான், மேடையில் தெரியாத அந்தக் கைகள் யாருடையவை, எந்தச் சாதியினுடையவை என்று பொதுவெளியில் பேச்சு வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் மிருதங்கத்தை வைத்து, கீழே வித்வான் பெயரை மட்டும் எழுதும் அருங்காட்சியகம் பொய் சொல்லும் அருங்காட்சியகம்.

பிறகு சினிமா. தியாகராய நகரும் கோடம்பாக்கமும் வடபழனியும் இல்லாமல் இந்த நகரத்தின் இசையைப் பற்றிப் பேச முடியாது. வடபழனியில் ஏவி.எம். நிறுவனம் 2023-ல் தன் வளாகத்தில் ஒரு பாரம்பரிய அருங்காட்சியகத்தைத் திறந்தது. பழைய கேமராக்களும் கார்களும் அங்கே பார்க்கக் கிடைக்கின்றன. ஏவி. மெய்யப்பன் படத் தயாரிப்புக்கு முன்பு சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் இசைத்தட்டு வியாபாரத்தில் இருந்தவர் என்பதால், அந்தக் கதையிலேயே இசைக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆனால் ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வரிசையின் ஐந்தாவது நாற்காலியில் முப்பது ஆண்டு உட்கார்ந்தவரின் கையில் இருக்கும் இசைக் குறிப்புத் தாள்களை யார் வாங்கி வைப்பார்கள்? மேற்கத்திய ஸ்வரக் குறியீட்டில் கையால் எழுதி, பாட்டு முடிந்ததும் குப்பைக்குப் போன தாள்கள் அவை. தமிழர்கள் மிக அதிகமாகக் கேட்ட இசையின் மூலப்படிகள். பறைக்கும் கானாவுக்கும் இடம் கேட்பது இந்தத் திட்டத்துக்குச் சலுகை செய்வதாகாது. அவை இல்லாவிட்டால் அதை மயிலாப்பூர் சபா அருங்காட்சியகம் என்று அழைத்துவிடலாம். சென்னையின் பெயரை வைக்கக் கூடாது.

இனி பணம். நம் ஊரில் கட்டடத்துக்குப் பணம் கிடைக்கும், சம்பளத்துக்குக் கிடைக்காது. கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம். காப்பாட்சியரின் மாதச் சம்பளத்தில் யார் பெயரைப் பொறிப்பது? 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. பாரம்பரியம், கலை, பண்பாட்டுப் பாதுகாப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் 2021 ஜனவரிக்குப் பிறகு அந்தப் பணத்தை ஓர் அமைப்பின் மூலதன வைப்பு நிதியில் போட முடியாது; திட்டமாகச் செலவழிக்கத்தான் முடியும். ஆகவே கணக்கைப் பிரித்துப் போட வேண்டும். ஒலிப் பிரதியெடுப்பு, சாதனங்கள், காட்சி அமைப்பு ஆகியவற்றுக்கு நிறுவனங்களை அணுகலாம். ஆட்களுக்கும் அன்றாடத்துக்கும் ஆன வைப்பு நிதி தனி மனிதர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

அது எவ்வளவு? ஒரு காப்பாட்சியர், ஒலிப் பொறியாளர், பட்டியலாளர், கருவி பழுது பார்ப்பவர், கல்விப் பணியாளர், கணக்கர் என ஆறு பேர். வாடகை, மின்கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 7 விழுக்காடு வட்டியில் அதைத் தருவதற்குச் சுமார் எட்டரைக் கோடி ரூபாய் வைப்பு நிதி தேவை. விலைவாசி ஏற்றத்துக்கு இடம் விட்டால் பன்னிரண்டு கோடி. அடையாறிலோ தியாகராய நகரிலோ இரண்டு நல்ல அடுக்கக வீடுகள் வாங்கப் போட்டிபோடும் ஊரில் இது எட்டாத தொகை இல்லை. தமிழ்நாட்டு இசை உலகில் இப்படிக் கொடுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1920-களில் தன் கைப்பணத்தைச் செலவிட்டு, நிலம் வாங்கி, திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். தன் சொத்தையும் அதன் பராமரிப்புக்கே எழுதிவைத்தார். பெண்கள் பாட அனுமதி மறுக்கப்பட்ட ஆராதனையில் பெண்களுக்கு இடம் வாங்கித் தந்தவரும் அவர்தான். கட்டியதோடு நிற்காமல் பராமரிப்புக்கு வழிசெய்த அந்தத் தொலைநோக்கு, நூறாண்டு கழித்து இன்றும் அந்த இடத்தில் விளக்கு எரிய ஒரு காரணம்.

இப்படிப்பட்ட திட்டத்தை யார் நடத்துவது? இசைப் புலமை மட்டும் போதாது. நிர்வாகத் திறன் மட்டும் இருந்தாலும் போதாது. சபாக்கள் ஒன்றோடொன்று போட்டியிடும் ஊர் இது; ஒரு சபாவின் செயலாளர் தலைமை ஏற்றால் மற்றவர்கள் விலகி நிற்பார்கள். ஒரு பெரும் வித்வானின் குடும்பம் முன்னே வந்தால் மற்றப் பாடாந்தரத்தார் தங்கள் பெட்டிகளைத் திறக்க மாட்டார்கள். தலைமை தாங்குபவர் யாருடைய மேடையையும் நம்பி இருக்கக் கூடாது. அறங்காவலர்களுக்குப் பதவிக்காலம் இருக்க வேண்டும்: இரண்டு முறை, பிறகு விலகல். குழுவில் ஒரு நாகஸ்வரக் கலைஞர், ஒரு கருவி செய்பவர், திரை இசைக் குழுவில் வாசித்த ஒருவர், பறைக் கலைஞர் ஒருவர் வாக்குரிமையோடு உட்கார வேண்டும். ஆலோசனைக் குழுவில் பெயர் போட்டு மூலையில் வைப்பது பயன்படாது. பட்டியல் ஆண்டுதோறும் வெளியாக வேண்டும், வந்த பொருளும் இழந்த பொருளும் அதில் தெரிய வேண்டும். சாம்பமூர்த்தி 1931-லேயே அதற்கு வழிகாட்டிவிட்டார்.

இடத்தைப் பற்றிய விவாதம் தொடங்கினால் மற்ற எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். கிரீன்வேஸ் சாலையில் இசைப் பல்கலைக்கழகம் இருக்கும் ‘தென்றல்’ மாளிகையைச் சிலர் சொல்வார்கள். ஜேம்ஸ் பிராடி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய வீடு. 1949-ல் பிறந்து முசிறி சுப்பிரமணிய அய்யர் முதல்வராக இருந்த அரசு இசைக் கல்லூரி பின்னர் குடியேறிய இடம். பொருத்தமான இடம்தான், ஆனால் அடையாற்றின் கரை. டேப்பும் ஓலையும் அங்கே தரைத்தளத்தில் இருக்க முடியாது. சாந்தோம் கடற்கரைச் சாலையில் அகில இந்திய வானொலி இருக்கிறது. 1938-ல் சென்னை நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இந்த நகரத்தின் காதாக இருந்தது. ஆனால் உப்புக் காற்று. இவற்றையெல்லாம் ஐந்தாறு ஆண்டு கழித்துப் பேசலாம். அதுவரை அருங்காட்சியகம் மயிலாப்பூரில் ஒரு வாடகை மாடியில் இயங்கட்டும். சீசனில் சபாக்களின் முன்கூடங்களுக்குத் தன் பொருள்களை எடுத்துப் போகட்டும். கேன்டீனுக்குப் போகும் வழியில் தனம்மாளின் குரலையும் வீணையையும் கேட்கவைத்தால், ஒரே டிசம்பரில் ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கேட்டுவிடுவார்கள். மீதிப் பதினொரு மாதமும் பெட்டிகளோடு பள்ளிகளுக்குப் போகலாம். நாகஸ்வரத்தைக் கையில் வாங்கி ஊதிப் பார்க்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சத்தம் வராமல் போகலாம், ஆனால் அது எவ்வளவு மூச்சைக் கேட்கிறது என்று தெரிந்துவிடும்.

மியூசிக் அகாதமிக்கு மூலமான இசை மாநாடு, 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்தது. அகாதமியின் நூற்றாண்டுக்கு விழாக்களும் மலர்களும் நிச்சயம் வரும். அந்த விழாச் செலவில் ஒரு பங்கை அகாதமியும் மற்றப் பெரிய சபாக்களும் ஒதுக்கி, இரண்டு பேரை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தலாம்: காப்பகம் படித்த ஒருவர், டேப் ஓட்டத் தெரிந்த ஒருவர். வானொலி நிலையம் தன் பழைய பொறியாளர்களில் ஒருவரை வாரத்தில் இரண்டு நாள் அனுப்பலாம். இசைப் பல்கலைக்கழகம் மேல்தளத்தில் ஓர் அறையையும் முதுகலை மாணவர்கள் சிலரையும் கொடுக்கலாம். வீடு வீடாகப் போய்ப் பரணில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதும் கணக்கெடுப்பை அவர்கள் மாட வீதிகளில் தொடங்கி, மாம்பலம் வழியாக அடையாறு வரை ஓராண்டுக்குள் முடித்துவிட முடியும்.